ஒரு கிளாஸ் நன்னாரி

பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வள்ளிக்கண்ணுவின் வகுப்பில் சத்தமே இல்லை. பாதிக்கு மேல் உட்காரும் பலகைகள் காலி. வந்திருந்த குழந்தைகளும் ஒருவரையொருவர் தொடாமல் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆடிப்பெருக்குக் கூட்டம் ஊரைவிட்டுப் போன கையோடு ஸ்ரீரங்கத்துக்குள் காலரா வந்துவிட்டது. அம்மா மண்டபம் படித்துறையில் ஊர் ஊராக வந்து குளித்தார்கள், துணி அலசினார்கள், அதே தண்ணீரைச் சொம்பில் மொண்டு குடித்துவிட்டுப் போனார்கள். முதலில் படித்துறையை ஒட்டிய தெருவில் ஒரு சாவு. அப்புறம் அடுத்த தெருவில். அதற்கப்புறம் எந்தத் தெரு என்று யாரும் கேட்பதில்லை.

போன வாரம் வள்ளிக்கண்ணு ஒரு பெண்ணின் உள்ளங்கையில் துணிக்குப் போடும் நீலத்தைத் தடவி, ஒன்றும் சொல்லாமல் விளையாட விட்டாள். மணி அடிப்பதற்குள் வகுப்பில் எல்லோருடைய கன்னத்திலும் உதட்டிலும் நீலம்.

"இதான் கிருமி. இப்ப நீலமா இருக்கறதால தெரியுது. நெசக் கிருமி கண்ணுக்குத் தெரியாது. கைலேர்ந்து வாய்க்குப் போகும், வாய்லேர்ந்து வயித்துக்குப் போகும்" என்று சொன்னாள். குழந்தைகள் வாயைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், ஈ மொய்த்ததைத் தின்னக் கூடாது, ரோட்டோரத்தில் விற்கும் ஐஸ் சர்பத் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னாள்.

அந்தக் கடைசி வார்த்தைதான் வீட்டை இரண்டாக்கியது.

அம்மா மண்டபம் ரோட்டில் நன்னாரி சர்பத் கடை வைத்திருந்தவர் நல்லுசாமி. வள்ளிக்கண்ணுவின் கணவன் வீரமலைக்கு உடன்பிறந்த அண்ணன். பள்ளிக்கூடம் விட்டதும் கடையை மொய்க்கும் குழந்தைகள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். பிள்ளைகள் போய்ச் சொன்னதைக் கேட்டுப் பெரியவர்களும் ஒதுங்கிப் போனார்கள்.

"என் பொழப்புல மண்ணள்ளிப் போட வெளியேர்ந்தா ஆள் வரணும்? அதான் வீட்டுக்குள்ளயே ஒரு டீச்சரம்மா இருக்காங்களே" என்றார் நல்லுசாமி. அன்றைக்கே வீட்டில் அடுப்பு இரண்டாயிற்று. முன்கட்டில் அண்ணன் குடும்பம், பின்கட்டில் தம்பி குடும்பம். நடுக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது.

இன்றைக்கு வகுப்பில் முதலில் எழுந்து நின்றவள் வீராயி. முந்தாநாள்தான் அவள் தம்பி போய்விட்டான். வீட்டில் அழுகிறவர்கள் அழுதுகொண்டிருக்க, இவள் யாரும் தலை வாரிவிடாமல் தானே பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்துவிட்டாள்.

"டீச்சர், நீங்க சொன்ன மாதிரியே தம்பிக்கு நான்தான் கை கழுவிவுட்டேன். சோப்பு போட்டு. நெகத்துக்குள்ளகூட."

"சரிம்மா."

"அப்புறம் ஏன் டீச்சர் செத்துப்போனான்?"

வள்ளிக்கண்ணு சுண்ணாம்புக்கட்டியை மேசையில் வைத்தாள். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கிருமிகளைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இந்தக் கேள்வியைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை.

அவள் போய்ப் பலகையில் வீராயிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வீட்டுல குடிக்கத் தண்ணி எங்கேர்ந்து எடுக்கறீங்க?"

"வாய்க்கால்லேர்ந்து அம்மா மொண்டாருவாங்க. காய்ச்சணும்னு சொன்னேன் டீச்சர். வெறகு ஈரமா இருக்கு, சோறு பொங்கறதே பெரும்பாடுன்னாங்க."

"நீ செய்ய வேண்டியதச் செஞ்சே, வீராயி. உம்மேல ஒரு தப்பும் இல்ல."

வீராயி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப யார் மேல டீச்சர்?"

யார் மேல என்று சொல்வது? பெரியவர்களுக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. நடத்தினாலும் உட்கார்ந்து கேட்க மாட்டார்கள். கேட்கிற குழந்தைகளின் கையிலோ விறகும் இல்லை, குடமும் இல்லை. பூதம்போல ஒரு பாரத்தைத் தூக்கி இத்தனூண்டு தோள்களில் வைத்துவிட்டோமே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் பலகையில் இருந்த அஞ்சலை மெதுவாகக் கையைத் தூக்கினாள். அஞ்சலை அவர்கள் வீட்டுக்கு எதிர் வீட்டுப் பெண்.

"டீச்சர், ரங்குவுக்கும் வாந்தி."

"எந்த ரங்கு?"

"நம்ம ரங்குதான் டீச்சர். உங்க வீட்டு ரங்கு."

ரங்கநாயகி, நல்லுசாமியின் ஒரே மகள். இதே வகுப்புதான். பள்ளிக்கூடத்தில் 'டீச்சர்' என்று கூப்பிட்டு, வாசலைத் தாண்டியதும் 'சித்தி' என்று விரலைப் பிடித்துக்கொள்கிறவள். இரண்டு நாளாக அவள் வரவில்லை. காலையில் கிணற்றடியில் ரங்குவின் அம்மா, ஓரகத்தி பொன்னுத்தாய், முகத்தைத் திருப்பிக்கொண்டே, "அவ மண்ணச்சநல்லூருக்கு அவங்க மாமா வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொன்னாள். வள்ளிக்கண்ணு நம்பிவிட்டாள். ஊரில் நோய் இருக்கும்போது பிள்ளையை வெளியூர் அனுப்பினார்களே, நல்லதுதான் என்றுகூட நினைத்தாள்.

"நீ பாத்தியா அஞ்சலை?"

"ஜன்னல் வழியாப் பாத்தேன் டீச்சர். தரையிலேயே போயிட்டே இருந்தா. அவங்க அம்மா என்னைப் பாத்துட்டு, வெளிய சொன்னா நாக்க அறுத்துருவேன்னாங்க."

வள்ளிக்கண்ணு எழுந்தாள். பக்கத்து வகுப்பு வாத்தியாரிடம் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குடையைக்கூட எடுக்காமல் ரோட்டில் இறங்கினாள்.

* * *

ஓட்டமும் நடையுமாக வந்தவள் சர்பத் கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

கடை திறந்திருந்தது. ஒரு ஈ காக்கை இல்லை. மரத்தூள் மூடிய ஐஸ் கட்டி சாக்குக்கடியில் கரைந்து ஒழுகிக்கொண்டிருந்தது. நல்லுசாமி ஒரே கண்ணாடிக் கிளாஸைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். கடையை மூடினால் ஊர் ஏன் என்று கேட்கும். அதற்காகத்தான் நிற்கிறார் என்று வள்ளிக்கண்ணுவுக்கு அந்த முகத்தைப் பார்த்தவுடனே புரிந்தது.

பள்ளிக்கூட நேரத்தில் அவள் வருவதை அவரும் பார்த்தார். கிளாஸை வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

முன்கட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

"அக்கா, கதவத் திறங்க."

அவள் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எனக்குத் தெரியும். திறங்க."

"தெரிஞ்சிருந்தா ஊர் பூராச் சொல்லு, போ" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அந்தக் குரலில் கோபம் இல்லை. அழுது அழுது ஓய்ந்துபோயிருந்தது.

"ஊருக்குச் சொல்ல வரலக்கா. ரங்குவப் பாக்க வந்திருக்கேன்."

தாழ்ப்பாள் நகர்ந்தது.

உள்ளே வேப்பிலை வாசனையையும் மீறி இன்னொரு நாற்றம் இருந்தது. மூலையில் பழைய புடவையை விரித்து ரங்கநாயகியைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பட்டை பட்டையாகத் திருநீறு. கண் இரண்டும் குழியில் கிடந்தன. கன்னம் ஒட்டி, இரண்டு நாளில் அந்தக் குழந்தைக்கு ஒரு கிழவியின் முகம் வந்திருந்தது. தரையில் அரிசி கழுவின தண்ணீரைப்போல வெளுப்பாகத் தேங்கியிருந்தது.

வள்ளிக்கண்ணு குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டாள். தூக்கினது தூக்கினபடியே மடிப்பாக நின்றது. விரல் நுனிகள், நாளெல்லாம் துணி துவைத்த கைபோலச் சுருங்கியிருந்தன.

"எப்பக்கா ஆரம்பிச்சுது?"

"நேத்து விடியக்காலம்."

"குடிக்க என்ன குடுத்தீங்க?"

"ஒன்னும் குடுக்கல. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொன்னாங்க. நாக்க மட்டும் நனைச்சு நனைச்சு விட்டேன்."

"ஐயோ அக்கா" என்றாள் வள்ளிக்கண்ணு.

நடுக் கதவைத் திறந்துகொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். காலையில் வடித்த கஞ்சி இருந்தது. உப்புப் போட்டுக் கலக்கி, கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, கரண்டி கரண்டியாக ரங்குவின் வாயில் ஊற்றினாள். இரண்டு கரண்டி உள்ளே போயிற்று. மூன்றாவது வெளியே வந்துவிட்டது. மறுபடி ஊற்றினாள். மறுபடி வந்தது.

ரங்கு கண்ணைத் திறந்தாள். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. வள்ளிக்கண்ணு காதைக் கிட்டக் கொண்டுபோனாள்.

"நான் வேணாம்னுதான் சொன்னேன் சித்தி."

"எத வேணாம்னே கண்ணு?"

"சர்பத்து. அதுல கிருமி இருக்கும், சித்தி சொன்னாங்கன்னு சொன்னேன். அப்பா குடின்னாங்க. எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க."

வள்ளிக்கண்ணு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"கடையில கூட்டம் வரலேன்னு... எம்பொண்ணே குடிக்கிறா பாருங்கன்னு சொன்னாங்க. நான் குடிச்சிட்டேன் சித்தி." குழந்தையின் கண் வள்ளிக்கண்ணுவின் முகத்தில் எதையோ தேடியது. "டீச்சர் திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்க" என்றாள் வள்ளிக்கண்ணு. "டீச்சருக்கு நான் சொல்லிக்கறேன்."

பொன்னுத்தாய் மெல்லத் திரும்பி வாசற்படியைப் பார்த்தாள். நல்லுசாமி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவள் இதுவரை இதை அறிந்திருக்கவில்லை. படித்துறைத் தண்ணீரோ, பக்கத்து வீட்டுப் பலகாரமோ என்று இரண்டு நாளாக யார் யாரையோ மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கிளாஸ்தான்" என்றார் நல்லுசாமி. யாரும் கேட்காமலே சொன்னார். "நானும்தான் தெனம் குடிக்கறேன். எனக்கு ஒன்னும் ஆகலியே."

"மாமா, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்" என்றாள் வள்ளிக்கண்ணு. "ஊசி வழியா உப்புத் தண்ணி ஏத்துவாங்க. வாய்வழியா இனிமே நிக்காது."

"அந்தக் கொட்டகைக்கா?"

காவிரிப் பாலம் தாண்டி, சிந்தாமணியையும் தாண்டி, காலராக்காரர்களுக்கென்று ஓலைக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஊரில் யாரும் அதன் பேரைச் சொல்வதில்லை. 'அங்கே' என்பார்கள்.

"அங்க போனவங்க யாரு திரும்பி வந்தா, சொல்லு? எங்கப்பாவ இப்படித்தான் வண்டில ஏத்துனாங்க. அப்ப உன் புருஷன் கைக்குழந்தை. ஏத்தினதுதான் தெரியும். மொகத்தக்கூடப் பாக்க வுடல. எந்த இடத்துல எரிச்சாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது." நல்லுசாமி நிலையைவிட்டு நகர்ந்து வாசலுக்குக் குறுக்கே நின்றுகொண்டார். "எம்புள்ள இந்தப் படியத் தாண்டாது. நடக்கறது எங்கண்ணு முன்னாடி நடக்கட்டும்."

"நடக்கறதுன்னா என்ன மாமா? சாகறதா?"

அவர் படியைவிட்டு நகரவில்லை.

வள்ளிக்கண்ணு பொன்னுத்தாயைப் பார்த்தாள். பொன்னுத்தாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்து, "வாந்தி எடுத்தாலும் வுடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா ஊத்திட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு, வள்ளிக்கண்ணு பின்கட்டு வழியாகக் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினாள்.

* * *

நகராட்சி சுகாதார இன்ஸ்பெக்டர் சகாயநாதன் இரண்டு தெரு தள்ளி ஒரு கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டு அம்மாள் பக்கத்தில் நின்று, இந்த நாற்றத் தண்ணீரை எப்படிப் பெருமாளுக்கு நைவேத்தியம் பண்ணுவது என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

வள்ளிக்கண்ணு மூச்சு வாங்க வந்து நின்றாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஆனாலும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். சொல்லிவிட்டால் வீட்டு வாசலில் அடையாளம் போடுவார்கள். கடையை இழுத்து மூடுவார்கள். வீரமலைக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்து வளர்த்த அண்ணன், செத்தாலும் அவள் முகத்தில் முழிக்க மாட்டார்.

"சார், ஒரு கேஸ்."

"எந்த வீடும்மா?"

"எங்க வீடுதான்."

சகாயநாதன் வாளியைக் கீழே வைத்தார். இந்த டீச்சரின் வகுப்பில் நீலம் தடவின கதை அவருக்கும் எட்டியிருந்தது.

"எத்தனை வயசு?"

"ரெண்டாம் வகுப்பு படிக்கிறா சார். தோலக் கிள்ளினா அப்படியே நிக்குது. மூத்திரமே நேத்துலேர்ந்து போகல போலருக்கு."

"வேன் திருவெள்ளறைப் பக்கம் போயிருக்கும்மா. சாயங்காலம்தான் வரும். அதுவரைக்கும் தாங்குமா?"

"தாங்காது சார்."

அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ரோட்டுக்கு வந்து ஜட்கா வண்டிகளை நிறுத்தினார். முதல் வண்டிக்காரர், என்ன சமாசாரம் என்று தெரிந்ததும், குதிரைக்கு லாடம் கட்ட வேண்டும் என்று தட்டிவிட்டுப் போய்விட்டார். அடுத்தவர் நிற்கவே இல்லை. மூன்றாவதாக வந்தவர் நசுருதீன். கடைவீதியில் சரக்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வந்துகொண்டிருந்தார்.

"காலரா கேஸ்பா. சின்னப் புள்ள. அப்புறம் வண்டிய நானே மருந்து போட்டுக் கழுவித் தரேன்" என்றார் சகாயநாதன்.

நசுருதீன் வள்ளிக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்.

"கழுவறத அப்புறம் பாத்துக்கலாம். ஏறும்மா, வீட்டக் காட்டு."

* * *

வண்டி வாசலில் நின்றதும் தெருக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. நல்லுசாமி அதே படியில் நின்றார்.

காக்கி உடுப்பைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அப்புறம் பின்னாலிருந்த வள்ளிக்கண்ணுவைப் பார்த்தார்.

"நீதானா?" என்றார். டீச்சரம்மா என்றுகூடச் சொல்லவில்லை.

"ஐயா, சட்டப்படி நான் தூக்கிட்டுப் போகலாம்" என்றார் சகாயநாதன். "நான் சட்டம் பேச வரல. கொஞ்சம் வழி வுடுங்க."

"என்னைக் கொன்னுட்டுத் தூக்கிட்டுப் போ."

சொன்ன விதத்தில் மிரட்டல் இல்லை. உண்மையிலேயே அதைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. சகாயநாதன் ஒரு படி ஏறினார். நல்லுசாமி இரண்டு கையையும் விரித்து நிலையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது உள்ளேயிருந்து பொன்னுத்தாய் வந்தாள். குழந்தையைப் புடவையோடு சுருட்டித் தோளில் போட்டிருந்தாள். ரங்குவின் தலை அவள் கழுத்தோரம் தொங்கிற்று.

"நகருங்க."

"பொன்னு, உனக்கு ஒன்னும் தெரியாது. அங்க போனா..."

"எனக்கு ஒன்னும் தெரியாதுதான். தண்ணி குடுக்கணும்கறதுகூடத் தெரியாம ரெண்டு நாளா எம்புள்ளயக் காயப் போட்டுட்டேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "ஏழு வயசுப் புள்ள வேணாம்னு சொல்லியிருக்கு. அதுக்குத் தெரிஞ்சது நம்ம ரெண்டு பேருக்கும் தெரியல. நகருங்க."

நல்லுசாமியின் கைகள் நிலையிலிருந்து தாமாக இறங்கின. அவரைத் தொடாமல், அவருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பக்கவாட்டாக நுழைந்து பொன்னுத்தாய் வெளியே வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வள்ளிக்கண்ணுதான் பார்த்தாள். "மாமா, நீங்களும் வாங்க" என்றாள்.

அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குள் நசுருதீன் வண்டியைத் தட்டிவிட்டார்.

* * *

மாம்பழச் சாலை தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று அடித்தது. காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழே அவ்வளவு தண்ணீர். மடியில் கிடந்த குழந்தையின் உதடு வெடித்திருந்தது.

"வள்ளி, கை சில்லுனு ஆகுதுடி" என்றாள் பொன்னுத்தாய்.

வள்ளிக்கண்ணு குழந்தையின் கன்னத்தைத் தட்டினாள். கண் பாதி திறந்தது, வெள்ளைதான் தெரிந்தது. தூங்க விடக் கூடாது என்று மட்டும் அவளுக்குத் தோன்றியது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. வாயில் வந்தது பாடம்தான்.

"ரங்கு, எந்திரி. டீச்சர் கேள்வி கேக்கறேன். கை எப்பெப்பக் கழுவணும்?"

குழந்தை அசையவில்லை.

"ரங்கநாயகி, உன்னத்தான் கேக்கறேன். கை எப்பக் கழுவணும்? எல்லாரும் பாக்கறாங்க, சொல்லு."

உதடு அசைந்தது. "சாப்ட... முன்னாடி."

"சரி. அப்புறம்?"

"கொல்லைக்குப் போயிட்டு..."

"அப்புறம்? தண்ணிய என்ன செய்யணும்?"

"காச்சி..."

"காய்ச்சி? சொல்லு. காய்ச்சி என்ன செய்யணும்?"

அதற்குப் பதில் வரவில்லை. பொன்னுத்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். வள்ளிக்கண்ணு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். கை எப்பக் கழுவணும், கை எப்பக் கழுவணும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த நசுருதீன், சவுக்கால் ஒருநாளும் குதிரையை அடிக்காதவர், அன்றைக்கு அடித்தார்.

கொட்டகையில் டாக்டர் குழந்தையின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இரத்தமெல்லாம் சுண்டிக் குழம்பாகிவிட்டது என்றார். கணுக்காலில் சின்னதாகக் கீறி நரம்பைத் தேடி எடுத்து ஊசியைச் செருகினார்கள். கீறும்போது குழந்தை அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று வள்ளிக்கண்ணு நினைத்தாள்.

மேலே தொங்கிய பாட்டிலிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"பிழைச்சுக்குவாளா டாக்டர்?"

"மூத்திரம் போனா வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நான் ஒன்னும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒருவரின் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் கூட இருக்கலாம். பொன்னுத்தாய் உள்ளே இருந்தாள். கையில் மருந்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி வள்ளிக்கண்ணுவை வெளியே அனுப்பினார்கள். அவள் மூங்கில் தட்டிக்கு வெளியே, புங்க மரத்தடியில் உட்கார்ந்தாள். உள்ளே ஒரு பாட்டில் தீர்ந்து அடுத்த பாட்டில் மாற்றுவது தட்டி இடுக்கு வழியாகத் தெரிந்தது. வெயில் சாயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்த்தான் வீரமலைக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு சைக்கிளில் வந்து இறங்கினான். அவன் முகத்தைப் பார்த்ததும் வள்ளிக்கண்ணு எழுந்து நின்றாள்.

"என்னங்க, என்னை என்ன வேணாத் திட்டுங்க. வேற வழி தெரியல எனக்கு."

"நான் திட்ட வரல." அவன் சைக்கிளை மரத்தில் சாய்த்தான். சாய்க்கத் தெரியாதவன்போல இரண்டு முறை தவறவிட்டான். "புள்ள எப்படி இருக்கு?"

"இன்னும் ஒன்னும் சொல்லல. மாமா எங்க? உங்ககூட வரலியா?"

வீரமலை கொட்டகையைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நீங்க வண்டில போனதும் அண்ணன் கடைக்குப் போயிருக்காரு. ரோட்டுல நின்னவங்கள எல்லாம் கூப்பிட்டு, பாருங்க பாருங்கன்னிருக்காரு. பானைல கலக்கி வச்சிருந்த சர்பத்து அம்புட்டையும் கிளாஸ் கிளாஸா மொண்டு குடிச்சிருக்காரு. தடுக்கப் போனவங்களத் தள்ளி வுட்டுட்டாரு. பானை காலியாற வரைக்கும் குடிச்சிருக்காரு, வள்ளி."

வள்ளிக்கண்ணு மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எங்க இருக்காரு?"

"தெரியல. கடைய அப்படியே போட்டுட்டு எங்கேயோ நடந்து போயிருக்காரு. படித்துறை, கொள்ளிடக்கரை எல்லாம் பாத்துட்டேன். பாலத்துமேல போனதப் பாத்தேன்னு ஒருத்தர் சொன்னாரு. இங்கதான் வந்திருப்பாருன்னு நெனச்சு வந்தேன், வழியிலயும் காணும்."

இருவரும் பாலத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். ரோட்டில் மாட்டு வண்டிகள்தான் வந்துகொண்டிருந்தன.

"வள்ளி." தட்டிக்குப் பின்னாலிருந்து பொன்னுத்தாயின் குரல். மூங்கில் இடுக்கில் அவள் விரல்கள் தெரிந்தன. "வள்ளி, இருக்கியா? ஒன்னுக்குப் போயிட்டாடி. நெறையப் போயிட்டா. டாக்டரே வந்து பாத்துட்டு இனிமே பயமில்லன்னாரு."

வள்ளிக்கண்ணு அந்த விரல்களைத் தட்டியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது.

"கண்ண முழிச்சுட்டா. பேசறா" என்றாள் பொன்னுத்தாய். அவள் குரலில் சிரிப்பும் அழுகையும் கலந்திருந்தன. "முழிச்சதும் அப்பாவத்தான் கேக்கறா. நான் வேற அவர வாசல்லயே வுட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம வந்துட்டேன். பாவம், தவிச்சுட்டு இருப்பாரு. வெளிய நிக்கறாரா, வள்ளி? கொஞ்சம் இப்படித் தட்டிப் பக்கம் வரச் சொல்லேன்."

வீரமலை தலையைக் குனிந்துகொண்டான்.

"வந்துக்கிட்டே இருக்காருக்கா" என்றாள் வள்ளிக்கண்ணு. "நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். வீரமலை அதற்குள் சைக்கிளைப் பாலத்துப் பக்கம் திருப்பியிருந்தான். அவள் ஓடிப்போய்ப் பின்னால் ஏறிக்கொண்டாள்.